கிரகச் சேர்க்கைகளும் யோகங்களும்: ஜாதகக் கட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டு ஜோதிடர்கள் புழங்கும் பராசர முறையை ஒட்டி இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. பாகைக் கணக்கு லாஹிரி அயனாம்சப்படி (அயனாம்சம் என்பது ராசி வட்டத்தின் தொடக்கத்தை எங்கே வைப்பது என்ற திருத்தம்). பலன் என்று வரும் இடமெல்லாம் சாஸ்திர விதி. வானத்தில் கிரகம் நின்ற இடம் என்று வருவது கணிதம். இரண்டையும் பிரித்துப் படித்துக்கொள்ளுங்கள்.

மென்பொருள் போட்டுத் தந்த ஜாதகத்தில் கஜகேசரி, புதாதித்யம், ராஜயோகம் என்று இரண்டு பக்கத்துக்கு யோகம் இருக்கிறது. அப்படியானால் இது யோக ஜாதகமா?

பெரும்பாலும் இல்லை. மென்பொருள் ராசிக் கட்டத்தைப் பார்த்து, விதி பொருந்தினால் பெயரை அச்சடித்துவிடும். கிரகத்துக்கு பலம் இருக்கிறதா, லக்னத்துக்கு (பிறந்த நேரத்தில் கிழக்கில் உதிக்கும் ராசி) அது வேண்டியவரா வேண்டாதவரா, அதன் தசை (அந்தக் கிரகம் ஆளும் காலம்) வாழ்நாளில் வருகிறதா என்பதையெல்லாம் அது எடைபோடுவதில்லை.

பெயர்பெற்ற யோகங்கள் பலவும் எவ்வளவு சாதாரணம் என்பது எளிய கணக்கிலேயே தெரியும். சந்திரனுக்கு 1, 4, 7, 10-ல் குரு இருந்தால் கஜகேசரி. 12 கட்டங்களில் 4 கட்டம், அதாவது மூன்று ஜாதகத்துக்கு ஒன்று. சூரியனை விட்டு புதன் 28 பாகைக்கு மேல் விலகவே முடியாது. அதனால் சூரியன் நிற்கும் ராசி, அதற்கு முந்தையது, அடுத்தது என்ற மூன்று கட்டங்களில்தான் அவர் எப்போதும் இருப்பார். இந்த இருவர் ஒன்றாக நிற்பதற்குப் பெயர் புதாதித்ய யோகம் என்றால், தெருவுக்குப் பத்துப் பேருக்கு அது இருக்கும். பயமுறுத்தும் யோகங்களுக்கும் இதே கதிதான். குருவுக்கு 6, 8, 12-ல் சந்திரன் இருந்தால் சகட யோகம். நான்கில் ஒருவருக்கு உண்டு.

சேர்க்கை, பார்வை, பரிவர்த்தனை மூன்றும் ஒன்றுதானா?

மூன்றுமே தொடர்புதான், ஆனால் தரம் வேறு. ஒரே ராசியில் நிற்பது சேர்க்கை. எல்லாக் கிரகங்களுக்கும் 7-ஆம் பார்வை உண்டு. கூடுதலாகச் செவ்வாய்க்கு 4, 8, குருவுக்கு 5, 9, சனிக்கு 3, 10. ஒருவர் வீட்டில் மற்றவர் மாறி நிற்பது பரிவர்த்தனை.

பரஸ்பரப் பார்வை சேர்க்கைக்குச் சமமாக எடுக்கப்படும். ஒருதலைப் பார்வை அதைவிடக் குறைவு. ‘சனி செவ்வாயைப் பார்க்கிறார்’ என்பதும் ‘சனி செவ்வாய் சேர்க்கை’ என்பதும் ஒன்றென நினைத்துக் குழம்புகிறவர்கள் அதிகம். குருவும் சனியும் மட்டும் சம்பந்தப்பட்ட ஒருதலைப் பார்வையில் யார் யாரைப் பார்க்கிறார் என்பதை வைத்துப் பலனே தலைகீழாகும்.

ஒரே கட்டத்தில் இருந்தாலே சேர்க்கையா? பாகை பார்க்க வேண்டாமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரு ராசி 30 பாகை. ஒருவர் 2-ஆம் பாகையிலும் மற்றவர் 28-ஆம் பாகையிலும் நின்றால் கட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருப்போம். வானத்தில் இருவருக்கும் இடையே 26 பாகை. அதற்கு அடுத்த ராசியின் 1-ஆம் பாகையில் நிற்பவர் 28-ல் நிற்பவருக்கு 3 பாகையில் இருப்பார், ஆனால் கட்டத்தில் வேறு வீடு.

புழக்கத்தில் உள்ள அளவு இது: 5 பாகைக்குள் நெருக்கமான சேர்க்கை, 10 வரை நல்ல தொடர்பு, 15-ஐத் தாண்டினால் பெயரளவுக்கு. இது அனுபவத்தில் வந்த வரம்பு; ஜோதிடருக்கு ஜோதிடர் இரண்டொரு பாகை மாறும். கிரக யுத்தத்துக்கு மட்டும் கறாரான அளவு உண்டு. செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி ஆகிய ஐவரில் இருவர் ஒரு பாகைக்குள் வந்தால்தான் யுத்தம். சூரியன், சந்திரன், ராகு, கேதுவுக்கு யுத்தம் கிடையாது.

அஸ்தங்கம் எத்தனை பாகையில்?

சூரியனுக்கு இத்தனை பாகைக்குள் வந்தால் அந்தக் கிரகம் அஸ்தங்கம், அதாவது சூரிய ஒளியில் மறைந்து பலம் குறைந்தது: சந்திரன் 12, செவ்வாய் 17, புதன் 14 (வக்ரத்தில், அதாவது பின்னோக்கி நகரும்போது, 12), குரு 11, சுக்கிரன் 10 (வக்ரத்தில் 8), சனி 15. புதன் அடிக்கடி சூரியனுக்கு அருகிலேயே இருப்பதால் அவருக்கு அஸ்தங்க தோஷத்தைப் பலர் பெரிதாக எடுப்பதில்லை. சுக்கிரனுக்கும் குருவுக்கும் அப்படி விட்டுவிட முடியாது. குரு அஸ்தங்கமாகி நிற்கும் கஜகேசரியைப் பெயருக்கு மட்டுமே கஜகேசரி என்பார்கள்.

இதையெல்லாம் ஒரே ஜாதகத்தில் போட்டுக் காட்ட முடியுமா?

2023 ஆகஸ்ட் 15, இரவு 11 மணி, சென்னை. கணக்குக்காக எடுத்துக்கொண்ட நேரம், யாருடைய ஜாதகமும் அல்ல. மேஷ லக்னம். திருக்கணிதப்படி (இன்றைய வானியல் கணக்குப்படி) கிரக நிலை:

மேஷத்தில் குருவும் ராகுவும். கடகத்தில் சூரியன், சந்திரன், வக்ர சுக்கிரன். சிம்மத்தில் செவ்வாய், புதன். துலாமில் கேது. கும்பத்தில் வக்ர சனி. ஆயில்ய நட்சத்திரம், மறுநாள் அமாவாசை.

மென்பொருள் முதலில் கஜகேசரி என்று அடிக்கும். சரிதான், கடகச் சந்திரனுக்கு 10-ல் குரு. சந்திரன் ஆட்சி வீட்டில் (சொந்த ராசியில்), 4-ஆம் இடத்தில் இருக்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவர் சூரியனுக்கு 7 பாகை தூரத்தில் நிற்கும் தேய்பிறைச் சந்திரன். ஒளி கிட்டத்தட்ட இல்லை, 12 பாகைக்குள் என்பதால் அஸ்தங்கமும் ஆயிற்று. ஆட்சி பலம் ஒரு பக்கம், ஒளியின்மை ஒரு பக்கம். அரை கஜகேசரி என்று சொல்லலாம்.

அடுத்து ராஜயோகம். மேஷத்துக்கு 4-க்குரிய சந்திரனும் 5-க்குரிய சூரியனும் 4-ல் கூடியிருக்கிறார்கள். கேந்திர (1, 4, 7, 10) அதிபதி, திரிகோண (1, 5, 9) அதிபதி சேர்க்கை. இது நல்ல அம்சம்தான், மேலே சொன்ன குறையோடு சேர்த்து.

சுக்கிரன் 2, 7-க்குரியவர். சூரியனுக்கு 4 பாகைக்குள், வக்ரமாக. அஸ்தங்கத்தில் சந்தேகமே இல்லை. இந்த ஜாதகத்தில் உண்மையில் கவனிக்க வேண்டியது இதுதான், ஆனால் அச்சுப் பக்கத்தில் இதற்குப் பெயர் வைத்த யோகம் ஏதும் வராது.

குரு, ராகு சேர்க்கைக்குக் குரு சண்டாள யோகம் என்று ஒரு வரி வந்திருக்கும். குரு மேஷத்தில் 21-ஆம் பாகையை ஒட்டி, ராகு 4-ஐ ஒட்டி. நடுவே 17 பாகை அளவு. பெயரளவுச் சேர்க்கை.

காலசர்ப்பம்? ராகுவிலிருந்து கேது வரையிலான பாதி வட்டத்துக்குள் ஆறு கிரகங்கள் அடைபட்டிருக்கின்றன. சனி ஒருவர் கும்பத்தில் வெளியே நிற்கிறார். ஆகவே இல்லை.

செவ்வாய் தோஷம் லக்னத்துக்கு இல்லை (5-ஆம் இடம்). சந்திரனுக்கும் சுக்கிரனுக்கும் 2-ல் இருப்பதால் அந்த இரண்டு வழியில் உண்டு.

இனி தசை. ஆயில்யம் என்பதால் பிறப்பில் புதன் தசை, இருப்பு சுமார் 11 ஆண்டு. பிறகு கேது 7, சுக்கிரன் 20, சூரியன் 6. சந்திர தசை தொடங்க 44 வயதாகிவிடும். குரு தசை வரும்போது வயது 79. கஜகேசரிக்குக் காரணமான இருவரின் தசைகள் இவை. 18-லிருந்து 38 வரை, படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் நடக்கும் காலத்தில் ஓடுவது அஸ்தங்கமான சுக்கிரனின் தசை. ஜாதகம் பார்ப்பது என்பது இந்த இடத்தில் நின்று யோசிப்பது.

வாக்கியப் பஞ்சாங்கப்படி (பழைய வாய்பாட்டுக் கணக்கு) போட்டால் இதே ஜாதகம் மாறுமா?

மாறலாம். திருக்கணிதப்படி சனி கும்பத்துக்கு வந்தது 2023 ஜனவரி 17. வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி நடந்ததும் அன்றுதான். இடைப்பட்ட பதினோரு மாதத்தில் பிறந்த பலருக்கு இரண்டு பஞ்சாங்கத்திலும் சனி வேறு வேறு ராசி.

மேலே உள்ள ஜாதகத்தில், ஒரு பேச்சுக்கு, சனியை மகரத்துக்கு மாற்றிப் பாருங்கள். மேஷ லக்னத்துக்கு 10-ல் ஆட்சி, உடனே சச யோகம் வந்துவிடும். மகரத்திலிருந்து 7-ஆம் பார்வையாகக் கடகச் சந்திரனைப் பார்ப்பதால் புனர்பூ என்ற சனி, சந்திரன் தொடர்பும் வரும். திருக்கணிதத்தில் இரண்டும் இல்லை. பதிலாகக் கும்பச் சனியும் சிம்மச் செவ்வாயும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், அது மகரச் சனிக்கு இல்லை. ஒரு கிரகம் ஒரு கட்டம் நகர்ந்ததில் இவ்வளவு.

அப்படியானால் எது சரி?

பிறந்த ஜாதகத்துக்குத் திருக்கணிதம். இதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை. 2020 டிசம்பர் 21 அன்று மாலை மேற்கு வானத்தில் குருவும் சனியும் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியில், கிட்டத்தட்ட ஒரே நட்சத்திரம் போலத் தெரிந்தார்கள். அன்றைய வாக்கியக் கணக்கில் குரு மகரத்தில், சனி இன்னும் தனுசில். வாக்கியச் சனிப்பெயர்ச்சி டிசம்பர் 27-ல்தான். கண்ணுக்குத் தெரிந்ததைக் கணக்கு தவறவிட்ட நாள் அது.

சென்னைக் கடைகளில் பரவலாக விற்கும் பாம்புப் பஞ்சாங்கம் வாக்கியம். கோயில் வழிபாடு, விரத நாள், குடும்ப வழக்கம் ஆகியவற்றுக்கு அதையே வைத்துக்கொள்வதில் தவறில்லை. செய்யக் கூடாதது ஒன்றுதான்: பிள்ளைக்கு வாக்கியம், பெண்ணுக்குத் திருக்கணிதம் என்று கலந்து பொருத்தம் பார்ப்பது. இரு ஜாதகத்தையும் ஒரே முறையில் மறுபடி கணித்துவிட்டுப் பாருங்கள்.

அயனாம்சம் எதை வைப்பது?

லாஹிரி, அதாவது சித்திரபட்சம். ராமன் அயனாம்சம் அதைவிடச் சுமார் ஒன்றரை பாகை குறைவு. ஒன்றரை பாகைதானே என்று விட முடியாது. ராசி எல்லையில் நிற்கும் கிரகம் வீடு மாறிவிடும். சுக்கிர தசையில் பிறந்தவருக்கு தசை இருப்பு இரண்டு ஆண்டுக்கு மேல் தள்ளிப்போகும். இரண்டு ஜோதிடர்கள் இரண்டு விதமாகத் தசா புத்தி (புத்தி என்பது தசையின் உட்பிரிவு) சொன்னால் முதலில் கேட்க வேண்டியது ‘எந்த அயனாம்சம்?’ என்றுதான்.

பிறந்த நேரம் ஐந்து நிமிடம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லையா?

கிரகச் சேர்க்கைக்குப் பரவாயில்லை. சந்திரன்கூட ஒரு மணி நேரத்தில் அரை பாகைதான் நகரும். லக்னம் அப்படியல்ல; 4 நிமிடத்துக்கு ஒரு பாகை, ஒரு நவாம்சத்துக்கு (ராசியில் ஒன்பதில் ஒரு பங்கு) சுமார் 13 நிமிடம். லக்னம் மாறினால் சேர்க்கை அப்படியே இருக்கும், ஆனால் அது எந்த இடத்தில் நடக்கிறது, அந்தக் கிரகங்கள் எந்த வீட்டுக்கு உரியவர்கள் என்பதெல்லாம் மாறும். யோகமே கைமாறிவிடும்.

எல்லா ராசியும் இரண்டு மணி நேரம் உதிப்பதில்லை. சென்னை அட்சரேகையில் (13 பாகை வடக்கு) மீன லக்னம் சுமார் 1 மணி 40 நிமிடத்தில் முடிந்துவிடும்; மிதுனமும் விருச்சிகமும் 2 மணி 10 நிமிடத்தைத் தாண்டும். லக்னப் பாகை 1-க்குக் கீழோ 29-க்கு மேலோ வந்தால் நேரத்தை மறுபடி உறுதி செய்யுங்கள்.

பிறப்புச் சான்றிதழில் பொதுவாக நேரம் இருக்காது. மருத்துவமனை தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். அதையும், அந்தக் காலத்தில் தாத்தா நோட்டில் எழுதிவைத்ததையும் ஒப்பிடுங்கள். பெரிய தவறு நடப்பது நள்ளிரவுக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு. பஞ்சாங்க நாள் சூரிய உதயத்தில் தொடங்கும். ‘திங்கள் இரவு 2 மணி’ என்று நோட்டில் இருந்தால் ஆங்கிலத் தேதிப்படி அது செவ்வாய் அதிகாலை. திங்கட்கிழமைத் தேதியை மென்பொருளில் போட்டால் சந்திரன் 13 பாகை பின்னே போய் நட்சத்திரமே மாறிவிடும்.

பிறந்த இடம் எழும்பூரா, தாம்பரமா, ‘மெட்ராஸ்’ என்று போடுவதா?

எதைப் போட்டாலும் சரி. எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் நேரத்தில் அரை நிமிடம்தான். கையால் கணிப்பவர்கள் மறக்கக் கூடாதது: இந்திய நேரம் 82½ பாகைக்கு உரியது, சென்னை 80¼ பாகை அருகில் இருக்கிறது, உள்ளூர் நேரம் கடிகாரத்தைவிடச் சுமார் 9 நிமிடம் பின்தங்கி இருக்கும்.

இன்னொரு பொறி, மூத்தவர்களுக்கு. 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடு வரை போர்க்காலத்தில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே வைக்கப்பட்டிருந்தது. நோட்டில் கடிகார நேரம் இருந்தால் ஒரு மணி கழிக்க வேண்டும். சதாபிஷேகம் முடிந்தும் தவறான லக்னத்தோடு இருப்பவர்கள் இந்தத் தலைமுறையில் உண்டு.

மகளுக்கு நியூ ஜெர்சியில் குழந்தை பிறந்திருக்கிறது. சென்னை நேரமாக மாற்றிப் போடவா?

வேண்டாம். அங்கத்திய தேதி, அங்கத்திய நேரம், அந்த ஊர் பெயர், மூன்றையும் அப்படியே போடுங்கள். இந்திய நேரமாக மாற்றிச் சென்னையில் பிறந்ததாகப் போட்டால் ராசி, நட்சத்திரம், கிரகச் சேர்க்கை எல்லாம் சரியாக வரும். லக்னம் மட்டும் முழுத் தவறாக வரும். ராசியும் நட்சத்திரமும் சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது, அதுதான் இதில் ஆபத்து. கோடைகால நேரமாற்றத்தையும் மென்பொருள் எடுத்துக்கொண்டதா என்று பாருங்கள்: கோடையில் நமக்கும் அவர்களுக்கும் 9½ மணி வித்தியாசம், குளிர்காலத்தில் 10½.

ஒரே சேர்க்கை ஒருவருக்கு யோகம், இன்னொருவருக்கு தோஷம் என்கிறார்களே, எப்படி?

லக்னத்தால். சனியை எடுத்துக்கொள்வோம். ரிஷப லக்னத்துக்கு அவர் 9, 10-க்கு உரியவர். தர்ம கர்மாதிபதி யோகத்தை ஒற்றை ஆளாகவே தருவார். துலாமுக்கு 4, 5-க்கு உரியவர், அங்கும் யோகாதிபதி. கடகத்துக்கோ 7, 8. சிம்மத்துக்கு 6, 7. சுக்கிரன் சனி சேர்க்கை ரிஷபத்துக்கும் கடகத்துக்கும் ஒரே பலன் தரும் என்று எழுதும் புத்தகத்தை மூடி வைத்துவிடலாம்.

இப்படி ஒரே கிரகம் கேந்திரமும் திரிகோணமும் பெறும் மற்ற லக்னங்கள்: கடகத்துக்குச் செவ்வாய் (5, 10), சிம்மத்துக்குச் செவ்வாய் (4, 9), மகரத்துக்குச் சுக்கிரன் (5, 10), கும்பத்துக்குச் சுக்கிரன் (4, 9). மற்ற ஆறு லக்னத்தாருக்கு இரண்டு கிரகங்கள் கூடினால்தான் ராஜயோகம்.

பஞ்ச மகாபுருஷ யோகங்கள் ஐந்தும் (செவ்வாய்க்கு ருசகம், புதனுக்கு பத்ரம், குருவுக்கு ஹம்சம், சுக்கிரனுக்கு மாளவ்யம், சனிக்குச் சசம்) லக்ன கேந்திரத்தில் ஆட்சியோ உச்சமோ (மிகப் பலம் பெறும் ராசி) பெற்றால் மட்டும். 11-ல் ஆட்சி பெற்றாலும் நல்லதுதான், ஆனால் இந்தப் பெயர் அதற்குச் சேராது.

நீசபங்க ராஜயோகம் இருக்கிறது என்றார் ஜோதிடர். நீசம் (கிரகம் பலம் இழக்கும் ராசியில் நிற்பது) போய்விட்டதா?

போவதற்கு விதி உண்டு, அது பொருந்துகிறதா என்று எண்ணிப் பாருங்கள். நீசமான ராசியின் அதிபதி லக்னத்துக்கோ சந்திரனுக்கோ கேந்திரத்தில் இருக்க வேண்டும்; அல்லது அந்த ராசியில் உச்சமாகும் கிரகம் அப்படி இருக்க வேண்டும்; அல்லது ராசி அதிபதி நீச கிரகத்தைப் பார்க்கவோ அதனோடு சேரவோ வேண்டும்; பரிவர்த்தனையும் நவாம்ச உச்சமும் கூட எடுக்கப்படுகின்றன. இவ்வளவு வழி இருப்பதால் ஏதாவது ஒன்று பெரும்பாலும் பொருந்திவிடும். ஒரு விதி மட்டும் பொருந்தினால் நீசத்தின் கடுமை குறைந்தது என்று எடுங்கள். ராஜயோகம் என்று சொல்ல இரண்டு மூன்றாவது பொருந்த வேண்டும்.

2020 டிசம்பர் பின்பாதியில் பிறந்தவர்களின் குரு நல்ல பாடம். மகரத்தில் நீசம், அதுவும் 5-ஆம் பாகை என்ற பரம நீசத்தை ஒட்டி. கூடவே ராசி அதிபதி சனி ஆட்சியில், சேர்க்கையால் நீசபங்கம். ஆனால் ஒரு பாகைக்குள் நின்ற நாட்களில் அதே சனியோடு கிரக யுத்தமும் உண்டு. கைகொடுப்பவரும் மோதுபவரும் ஒருவரே. இதற்குச் சுருக்கமான தீர்ப்பு கிடையாது. இருவரில் யார் லக்னத்துக்கு வேண்டியவர் என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

விபரீத ராஜயோகம்?

6, 8, 12-க்கு உரியவர்கள் அந்த மறைவு இடங்களுக்குள்ளேயே நிற்பது. நல்ல இடத்து அதிபதி ஒருவர் அவர்களோடு சேர்ந்துவிட்டால் யோகம் கலைந்து, அந்த நல்லவர் கெடுவதுதான் மிச்சம். மென்பொருள் இந்தக் கலப்பைச் சொல்வதில்லை.

குரு சண்டாளம், காலசர்ப்பம் என்று பயமுறுத்துகிறார்கள்.

குருவும் ராகுவும் 2023 ஏப்ரல் 22 முதல் அக்டோபர் 30 வரை மேஷத்தில் ஒன்றாக இருந்தார்கள். அந்த ஆறு மாதத்தில் உலகில் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் இது உண்டு. மே மாதக் கடைசியில் இருவரும் ஒரே பாகையை ஒட்டி வந்தார்கள். அக்டோபர் நடுவில் 15 பாகைக்கு மேல் விலகிவிட்டார்கள். மே கடைசிக் குழந்தைக்கும் அக்டோபர் குழந்தைக்கும் ஒரே பரிகாரம் எழுதித் தருபவர் பாகையே பார்க்கவில்லை என்று அர்த்தம்.

காலசர்ப்பம் வராகமிகிரரின் பிருகத் ஜாதகத்தில் இல்லாத ஒன்று. பின்னால் வந்து நிலைத்தது. சோதிப்பது எளிது: ஏழு கிரகங்களும் ராகு கேதுப் பாகைக்குள் ஒரே பக்கம் இருக்க வேண்டும். கட்டத்தைப் பார்த்தால் போதாது. ராகு இருக்கும் ராசியிலேயே ஒரு கிரகம் ராகுவைத் தாண்டி வெளிப்பக்கம் நின்றால் அடைப்பு உடைந்தது. மற்ற ஆறும் ஒரு பக்கம் மாதக் கணக்கில் இருந்தாலும், சந்திரன் மாதத்தில் பாதி நாள் மறுபக்கம் போய்விடுவார். அந்த இரண்டு வாரங்களில் பிறந்தவர்களுக்குக் காலசர்ப்பம் இல்லை.

செவ்வாய் தோஷம் ஏன் இத்தனை பேருக்கு இருக்கிறது?

எண்ணும் முறையால். 2, 4, 7, 8, 12 என்று 12-ல் 5 இடம். லக்னத்திலிருந்து மட்டும் எண்ணினாலே நூற்றுக்கு 40 பேருக்கு மேல் வரும். சந்திரன், சுக்கிரன் இரண்டிலிருந்தும் எண்ணினால், எதிலும் அகப்படாமல் தப்புகிறவர்கள் தோராயமாக ஐந்தில் ஒருவர். அதனால்தான் விலக்கு விதிகள் இவ்வளவு நீளமாக வளர்ந்தன: ஆட்சி, உச்சம், குரு பார்வை, கடக சிம்ம லக்னம் என்று. லக்னத்திலிருந்து வருவதை முதன்மையாக எடுத்து, விலக்கு பார்த்து, அதற்குப் பிறகும் நின்றால் தோஷம் என்று சொல்வதுதான் நியாயமான நடைமுறை. இதற்காக நல்ல வரனைத் தட்டிக்கழிப்பது எங்களுக்கு உடன்பாடில்லை.

புனர்பூ என்றால் என்ன?

சனி, சந்திரன் தொடர்பு. நிச்சயமான கல்யாணம் தள்ளிப்போகும், கைகூடும் நேரத்தில் தடங்கல் வரும் என்பது விதி. சேர்க்கையும் பரஸ்பரப் பார்வையும் முக்கியம். சனி 3-ஆம் பார்வையாகவோ 10-ஆம் பார்வையாகவோ சந்திரனைப் பார்ப்பதையும் சேர்த்தால் மிகப் பலருக்கு வந்துவிடும்.

யோகம் இருந்தும் ஒன்றும் நடக்கவில்லையே?

தசா புத்தி வர வேண்டும். விம்சோத்தரி தசை மொத்தம் 120 ஆண்டு: கேது 7, சுக்கிரன் 20, சூரியன் 6, சந்திரன் 10, செவ்வாய் 7, ராகு 18, குரு 16, சனி 19, புதன் 17. யாருக்கும் ஒன்பதும் ஓடி முடிவதில்லை. யோகம் தரும் கிரகத்தின் தசை வராவிட்டாலும் அவரின் புத்தி ஒவ்வொரு தசையிலும் ஒருமுறை வரும்; பலன் துண்டு துண்டாகத் தெரியும். இரண்டு கிரகம் சேர்ந்த யோகத்துக்கு ஒருவர் தசையில் மற்றவர் புத்தி நடக்கும் காலம் கவனிக்கத் தக்கது.

நவாம்சத்தையும் பாருங்கள். ராசியில் உச்சம், அம்சத்தில் நீசம் என்றால் பேச்சு பெரிது, பலன் சிறிது. ராசியிலும் அம்சத்திலும் ஒரே ராசி என்றால் வர்கோத்தமம். சாதாரண இடத்தில் இருந்தாலும் கிரகத்துக்கு ஊன்றுகோல்.

பரிகாரத்துக்கு கும்பகோணம் பக்கம்தான் போக வேண்டுமா?

வேண்டியதில்லை. சென்னையை ஒட்டியே ஒன்பது தலங்கள் இருக்கின்றன: சூரியனுக்கு கொளப்பாக்கம், சந்திரனுக்கு சோமங்கலம், செவ்வாய்க்கு பூந்தமல்லி, புதனுக்கு கோவூர், குருவுக்கு போரூர், சுக்கிரனுக்கு மாங்காடு வெள்ளீஸ்வரர், சனிக்கு பொழிச்சலூர், ராகுவுக்கு குன்றத்தூர் திருநாகேஸ்வரம், கேதுவுக்கு கெருகம்பாக்கம். வண்டி இருந்தால் ஒரே நாளில் முடித்துவிடலாம். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதை வைத்து வழியைத் திட்டமிடுங்கள்.

கல் மோதிரம் வேறு விஷயம். கிரகம் பலவீனமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அதன் கல்லைப் போடச் சொன்னால், அது லக்னத்துக்கு எத்தனாம் இடத்து அதிபதி என்று கேளுங்கள். 6, 8-க்கு உரியவரை பலப்படுத்த யாரும் விரும்ப மாட்டார்கள். ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் ஹோமத்தை அன்றே முடிவு செய்ய வேண்டிய அவசரம் எந்தச் சேர்க்கைக்கும் கிடையாது. உடம்புக்கு முடியாதவர்களுக்கு மாத்திரை, வழக்குக்கு வக்கீல். ஜாதகம் அவற்றுக்கு மாற்று அல்ல.

ஜோதிடரிடம் போகும்போது என்ன எடுத்துப் போவது?

வெறும் ராசிக் கட்டம் போதாது. கிரக ஸ்புடம் என்ற பாகை, கலை அட்டவணை உள்ள பக்கம், நவாம்சக் கட்டம், தசா புத்தி தேதிகள், எந்தப் பஞ்சாங்கம் எந்த அயனாம்சம் என்ற குறிப்பு. பழைய நோட்டில் பாகை இல்லாவிட்டால் பிறந்த தேதி, நேரம், ஊர் மட்டும் கொடுத்துப் புதிதாகக் கணித்து வாங்கிக்கொள்ளுங்கள். அதில் வரும் நட்சத்திரமும் பாதமும் பழைய நோட்டோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். ஒரு பாதம் மாறினால் வாக்கியம், திருக்கணித வித்தியாசமாக இருக்கலாம். ஒரு முழு நட்சத்திரம் மாறியிருந்தால் தேதியில் தவறு இருக்கிறது. பலன் கேட்பதற்கு முன் அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.